மூன்றாம் வகுப்புக்கு ஒன்றாம் எண்

புத்தகத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்று ஃப்ரெடி பார்க்கவில்லை. அட்டையின் மூலையில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்த எண்ணைத்தான் பார்த்தான். ஒன்று. அவன் மகள் எலைன் படிப்பதோ மூன்றாம் வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் முடிந்து வந்து அடுப்பில் மாட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஆடிக்காற்று மூடிக்கிடந்த தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதியை வாரிக்கொண்டு வந்து மாரிகுப்பத்துத் தொழிலாளர் லைன் வீடுகள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி ஈவ்லின் ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிவிட்டு மிளகு நுணுக்கிக்கொண்டிருந்தாள். ஃப்ரெடி பெங்களூரில் டைல்ஸ் ஒட்டுகிறவன். மறுநாள் வேலைக்கு அளவு குறிக்கப் பென்சில் தேடி மகளின் பையில் கைவிட்டவனுக்கு இந்தப் புத்தகம் கிடைத்தது.

இது என்ன என்று கேட்டான். கோழிக் கதை என்றாள் எலைன். பிறந்ததிலிருந்து யாரும் எடுத்துக்கொடுக்காமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவளே கூட்டிப் படித்த முதல் புத்தகம் அது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். விழுந்த அறையில் தலை போய் அலமாரியில் மோதியது.

"மூணாங்கிளாஸ் பொண்ணுக்கு ஒண்ணாம் நம்பரா? இன்னாடி பண்ண நீ? கிரேட எறக்கிட்டாங்களா உன்ன?"

சத்தம் கேட்டு ஐடா ஓடிவந்தாள். ஐடா ஃப்ரெடியின் அக்கா, ஏழு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு எலைன் படிக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான், எண் ஒட்டியதும் அவள்தான்.

கோயில் சபையில் வளர்ந்து வெளிநாடு போன யாரோ ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு நானூறு புத்தகம் தருவதாகச் சொல்லி, எவை என்று தேர்ந்தெடுக்கும் வேலையை ஐடாவிடம் விட்டிருந்தார். கோடை விடுமுறை முழுக்க அவளுக்கு அதே வேலைதான். புத்தகத்தின் பின்னட்டையில் அச்சடித்திருந்த வயதை அவள் நம்பவே இல்லை. அச்சடித்தவன் மாரிகுப்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தானா என்ன? ஒவ்வொன்றையும் தானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் பக்கத்துக்கு ஒரே வரி, எழுத்து பெரிதாக, படத்தில் இருப்பதே வரியிலும் இருக்கவேண்டும். இரண்டுக்கு ஒரே வரி திரும்பத் திரும்ப வரவேண்டும்; மூன்றாவது தடவை பிள்ளை தானே முந்திக்கொண்டு சொல்லும். மூன்றுக்கு யாராவது தப்பு செய்து மாட்டிக்கொள்கிற கதை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையைவிட எது எப்படி நடக்கிறது என்பதில்தான் ஆசை. தேன்கூடு, கிணறு, ரயில் என்று எடுத்தாள். ஐந்துக்கு நீளமான கதை. அதில் அழுகை இருந்தாலும் பரவாயில்லை, பத்து வயதில் அவர்களுக்கு அழத் தெரியும். கடைசிப் பக்கத்தில் நீதி சொன்ன புத்தகங்களை எல்லாம் ஒதுக்கினாள். அப்படி ஒதுக்கியதே ஒரு மூட்டை தேறியது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளைகளிடம் சோதித்தாள். ஒரு பக்கம் படி, தெரியாத சொல் வந்தால் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், சின்ன எண்ணுக்குப் போ. எந்த வகுப்புப் பிள்ளையும் எந்த எண்ணையும் எடுக்கலாம், வெட்கம் கிடையாது என்று சொல்லியிருந்தாள். வெட்கம் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னவள் பெற்றவர்களிடம் சொல்ல மறந்தாள். சுரங்கத்து வீட்டில் பிறந்தவள் இதை மறந்திருக்கக்கூடாது.

அவர்களுடைய அப்பா கிளாரன்ஸ் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. மரியாதையான கிரேடு. தொண்ணூற்றேழில் மூன்று ஷிப்டு தொடர்ந்து, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்குத் தாமதமாகப் போனதற்காக அவரைக் கல் அள்ளும் வேலைக்கு இறக்கினார்கள். அன்று வீட்டில் அடி வாங்காத உயிர் இல்லை, வளர்த்த நாய் உட்பட. அதற்குப் பிறகு கோயிலில் அவர் உட்காரும் பெஞ்சு மாறியது, கல்யாண வீட்டில் பந்தி மாறியது. சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்குமேல் ஆகியும் இந்த லைனில் எண் குறைந்தால் அது தண்டனைதான். அதைப் போய் எட்டு வயதுப் பெண்ணின் கையில் ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தாள் ஐடா.

"அது கிளாஸ் நம்பர் இல்லடா. அவளுக்கு எது சுளுவா வருதோ..." என்று ஆரம்பித்தாள்.

"நம்பர்னா நம்பர்தான். எம்பொண்ண மக்குனு ஊருக்கே எழுதி ஒட்டி அனுப்பிகீற. கூடப் பொறந்தவ பண்ற வேலயா இது?"

அவளைத் தள்ளினான். நிலைச்சட்டத்தில் புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. ஃப்ரெடி அலமாரிக்குப் பின்னாலிருந்து கேஸ் ஸ்டவ்வின் பழைய ரப்பர் டியூபை எடுத்தான். மாற்றிப்போட்ட டியூபை ஈவ்லின் ஏன் எறியவில்லை என்று யாரும் கேட்காதீர்கள். எறிந்தால் வேறொன்று வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கு எலைனின் தொடையில் ஏழு கோடு விழுந்தது. கறி அடிப்பிடித்து வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். ஃப்ரெடி தீய்ந்த கறியையே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இனி மூன்றுக்குக் கீழே ஒரு புத்தகம் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, தினமும் தன் எதிரில் வாய்விட்டுப் படிக்கவேண்டும் என்று தீர்ப்பு சொன்னான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டு முனிரத்தினம் வாசலில் நின்று ஆமோதித்தார்.

மறுநாளிலிருந்து அது நடந்தது. ஃப்ரெடி விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய்ச் சாயங்காலம் ஏழு மணிக்கு வருவான். முட்டியில் சிமென்ட் காய்ந்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு டியூபை மடியில் வைத்துக்கொள்வான். எலைன் மூன்றாம் எண் புத்தகத்தோடு எதிரில் நிற்பாள். எழுத்துகள் அவளுக்குத் தெரியும், வேகமாகச் சேர்த்துச் சொல்லாக்கத்தான் இன்னும் வரவில்லை. "ப... ட... கு" என்று நிற்பாள். நின்றால் அடி. பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஒரு விரலை மடக்கினாள். அது என்ன என்று கேட்டான், தெரியாத சொல்லுக்கு அடையாளம் என்றாள். மடங்கிய விரல்மேலேயே அடித்தான். நாலு நாளில் அவள் வலது கை பன் மாதிரி வீங்கிப் பென்சில் பிடிக்க முடியாமல் போனது.

ஐடா இரண்டு தடவை குறுக்கே போனாள், இரண்டு தடவையும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். தலைமையாசிரியரிடம் சொன்னாள். வீட்டு விஷயம் டீச்சர், உங்கள் தம்பிதானே, நீங்களே பேசுங்கள் என்றார் அவர். ஈவ்லினிடம் கெஞ்சினாள், ஒரு வாரமாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகச் சொல்லி.

"போனா வந்து இட்டுகினு வருவாரு அண்ணி. வழியெல்லாம் அடிச்சிகினு வருவாரு. போன வாட்டி பஸ்ல எல்லாரும் பாத்துகினு தான் இருந்தாங்க" என்றாள் ஈவ்லின், கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல். நாலு வார்த்தைக்கு மேல் அவள் பேசியதே அதிசயம்.

மூன்றாவது வாரம் வீட்டில் சத்தம் நின்றது.

ஐடா அடுக்களையில் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்தாள். கூடத்தில் எலைன் படிக்கிற குரல் கேட்டது. தங்குதடையில்லாமல் ஆற்று நீராக ஓடியது. ஐடாவின் கை நின்றது. ஒரு நாய் மாரிகுப்பம் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்காமல் ரயில் ஏறியது. கோரமண்டலில் ஒரு பாட்டாளியின் சாப்பாட்டுப் பைக்குப் பின்னால் ஒளிந்தது. பங்காருப்பேட்டையில் டிக்கெட் பரிசோதகர் ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைபோலக் கிடந்தது. ஃப்ரெடி வாய்விட்டுச் சிரித்தான். "அப்பறம்? மாட்டிகிச்சா?" என்று கேட்டான். பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. நாய் மாட்டவில்லை.

ஐடா எட்டிப் பார்த்தாள். எலைன் கையில் நாலாம் எண் புத்தகம். தேனீக்களைப் பற்றியது. ஐடா தேர்ந்தெடுத்த புத்தகம், ஒவ்வொரு பக்கமும் அவளுக்கு மனப்பாடம். அதில் நாயும் இல்லை, ரயிலும் இல்லை. பிள்ளை எழுத்தைப் பார்க்கவே இல்லை. அப்பனின் மடியில் கிடந்த டியூபைப் பார்த்துக்கொண்டே, நிற்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நிற்காதவரை அடி இல்லை என்று கண்டுபிடித்துவிட்டிருந்தாள். ஃப்ரெடி அவள் பக்கத்தில் குனிந்து, பக்கங்களைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஐடா கத்தியைக் கீழே வைத்தாள். அட பாவி, உனக்கு இன்னும் தெரியாதா?

தெரியாதுதான். அவளைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும்? ஃப்ரெடிக்கு எட்டு ஒன்பது வயதில் எழுத்து ஏறவே இல்லை. கிளாரன்ஸ் கிரேடு இறங்கிய வருஷம் அது. நோட்டில் ஒரு சிவப்புக் கோடு கண்டால் போதும், பெல்ட்டைக் கழற்றுவார். தம்பியின் முதுகைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் வீட்டுப்பாடம் முழுவதையும் ஐடாவே அவன் கையெழுத்தில் எழுதினாள். பாடத்தைப் படித்துக்காட்டி நெட்டுருப் போட வைத்தாள். ஆறாம் வகுப்புவரை அப்படியே ஓடியது. பிறகு சுரங்கம் மூடிப் படிப்பும் நின்றது. வேலைக்குப் போன இடத்தில் எப்படியாவது கற்றுக்கொண்டிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எண்கள் தெரியும், பஸ் நம்பர் தெரியும், டைல்ஸ் அளவு தெரியும், ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்துப் போடுவான். முழுப் பூசணிக்காயை இருபத்தைந்து வருஷமாகச் சோற்றில் மறைத்து வைத்திருந்தான். மறைக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். புத்தகத்தில் அவனால் படிக்க முடிந்தது அந்த ஒற்றை எண் மட்டுமே என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் விரல் வீக்கம் வற்றிக்கொண்டிருந்தது. ஃப்ரெடி ரயிலில் மகளைப் பற்றிப் பெருமையடித்தான், பங்காருப்பேட்டையில் இறங்கி அவளுக்குப் பானிபூரி கட்டிக்கொண்டு வந்தான். ஈவ்லின்கூட ஒரு நாள் பாட்டு முணுமுணுத்தாள். கதையும் நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால் ஐடா வாங்கிய புத்தகங்களில் பாதியைவிட நன்றாக இருந்தது. இதைப் போய்க் கெடுப்பானேன்?

இரண்டு வாரம் கழித்து வகுப்பில் எலைனைக் கூப்பிட்டு இரண்டாம் எண் புத்தகம் ஒன்றைக் கொடுத்து முதல் வரியைப் படிக்கச் சொன்னாள். எலைன் புத்தகத்தைத் திறந்தாள், டீச்சரின் கைகளைப் பார்த்தாள், ஒரு யானையின் கதையை ஆரம்பித்தாள். இல்லை, இங்கே எழுதியிருப்பதைப் படி என்று விரல் வைத்துக் காட்டினாள் ஐடா. எலைன் இன்னும் வேகமாகச் சொன்னாள். ஒன்றாம் எண்ணைக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்த அதே மாதிரி வரிகள். இப்போது அவள் கண் எழுத்துமேல் படவே மறுத்தது. ஐடா பயந்துபோனாள். தம்பிக்கு நடந்தது முழுவதும் இவளுக்கும் நடந்துகொண்டிருக்கிறது, தானும் மறுபடியும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெடியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரெடி டைட்டஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். டைட்டஸ் அவனோடு ரயிலில் போகிறவன், அதே வேலை, வயதில் சின்னவன், ரயிலில் தமிழ்ப் பேப்பரை முதலிலிருந்து கடைசிவரை படிக்கிறவன். மகள் நாலாம் எண் புத்தகம் படிப்பதை அவன் காதால் கேட்கவேண்டுமாம். ஈவ்லின் குடல் வறுவலும் சோறும் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் எலைனை நடுவில் நிறுத்தினான் ஃப்ரெடி.

எலைன் ஆரம்பித்தாள். நாய் இந்தத் தடவை பெங்களூரில் இறங்கிக் கட்டிடத்தின் பதினான்காவது மாடிக்கு லிஃப்டில் போனது. டைட்டஸ் சிரித்துக்கொண்டே கேட்டான். அப்புறம் கை துடைத்துவிட்டுப் படம் பார்க்கிற ஆசையில் பின்னால் போய் நின்றான்.

"அண்ணே, இதுல நாயே இல்லியே" என்றான். "உப்பு எப்டி எடுக்கறாங்கனு இல்ல போட்டுகீது. பொண்ணு சூப்பரா ரீல் உடுது." சிரித்தான். யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். பிறகு கள்ளம் கபடம் இல்லாமல் அதைக் கேட்டான். "நீ பாத்துகினு தான கீற? உனக்குத் தெரில?"

ஃப்ரெடியின் முகத்தில் ரத்தம் ஏறியதை ஐடா பார்த்தாள். அவன் எழுந்தான். இந்தத் தடவை டியூபைத் தேடவில்லை. எலைனின் பின்னலைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தான். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பிடிக்க வந்த டைட்டஸின் வாயில் ஒரு குத்து விட்டான். டைட்டஸ் உதட்டைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கீழே விழுந்த பிள்ளையின் விலாவில் ஃப்ரெடி உதைத்தான். இரண்டாவது உதைக்குக் கால் தூக்கியபோது ஐடா பிள்ளைமேல் விழுந்தாள். உதை அவள் இடுப்பில் விழுந்தது.

வலியில் எழுந்திருக்க முடியாமல் எழுந்தாள். திருத்துவதற்கு நோட்டுகளைக் கொண்டுவந்திருந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒன்றாம் எண் புத்தகத்தை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"அடி. நான் குறுக்க வரல. ஆனா இதுல ஒரு பக்கம் படி. ஒரே வரிதான். படிச்சிட்டு அடி."

"தள்ளு அக்கா."

"படிடா. ஒண்ணாம் நம்பர்தான?"

ஃப்ரெடி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டான். ஏன் பிடித்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது. வாசலில் முனிரத்தினமும் லைன் ஜனமும் கூடி நின்றார்கள். அடுப்படி வாசலில் ஈவ்லின் நின்றாள். முதல் பக்கத்தில் கறுத்த மேகத்தின் படம், கீழே இரண்டு சொல். முப்பத்தாறு வயது ஆம்பளை, நாலு மாடிக்கு ஒரே நேர்கோட்டில் டைல்ஸ் ஒட்டுகிறவன், அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால் வியர்த்து நின்றான். அவன் உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. ஐடாவுக்கு அவன்மேல் அப்போதும் பாவமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

அப்போது தரையிலிருந்து எலைன் மெல்ல எடுத்துக்கொடுத்தாள். "மழை."

அப்பனைக் காப்பாற்றத்தான் சொன்னாள். உண்மையில் படித்துத்தான் சொன்னாள். அவன் கையில் தாழ்ந்திருந்த பக்கத்தில், எழுத்துமேல் அவள் கண் இருந்தது. ஃப்ரெடி "மழை" என்றான். எலைன் அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தாள். ஐடா குனிந்து அவள் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"சொல்லாத கண்ணு. நான் சொல்லிக் குடுத்துக் குடுத்துதான் இவன் இப்டி கீறான்."

லைன் முழுக்கக் கேட்டது. ஃப்ரெடி புத்தகத்தைக் கீழே போட்டான். மூலையில் கிடந்த வேலைப் பையிலிருந்து டைல்ஸ் தட்டுகிற ரப்பர் சுத்தியலை எடுத்தான். பிள்ளையின் வாயைப் பொத்தியிருந்த கையைத்தான் குறி வைத்தான். ஐடா பிள்ளையை இழுத்துக்கொண்டதில் அடி மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டதாக முனிரத்தினம் பிறகு சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவதற்குள் நாலு ஆண்கள் உள்ளே பாய்ந்து அவனைக் கீழே அழுத்தினார்கள். அடி உதவும் என்ற முனிரத்தினம்தான் அவன் காலைப் பிடித்தார்.

ஈவ்லின் அடுப்பை அணைத்தாள். செருப்பைப் போட்டாள். எலைனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மறு கையால் ஐடாவைத் தாங்கிக்கொண்டு, புருஷனைத் தாண்டி நடந்து அதே லைனில் இருக்கும் ராஜப்பாவின் ஆட்டோவில் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் எலைனுக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல் என்றார்கள். ஐடாவின் வலது கைக்கு முழங்கைவரை கட்டுப் போட்டார்கள். இது விழுந்த காயம் இல்லை, ஸ்டேஷனுக்குச் சொல்லியாகவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மணி நேரத்தில் பெண் போலீஸ் வந்தாள். இளம்பெண். நடந்ததை எழுதிக் கொடுங்கள், கன்னடத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றாள். ஐடா தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். இடது கையால் தமிழில்கூட எழுத வராது. கன்னடம் அவளுக்குப் பேச்சோடு சரி.

"குடுங்க, நான் எழுதறேன்" என்றாள் ஈவ்லின்.

ஐடா திரும்பிப் பார்த்தாள். ஈவ்லின் கோலாருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் கன்னடப் பள்ளியில் பத்தாவது முடித்தவள். கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதை மட்டும்தான் ஐடா கவனித்திருந்தாள். நானூறு புத்தகம் கூடத்தில் அடுக்கிக் கிடந்தபோது ஒன்றைக்கூட அவளிடம் நீட்டவில்லை. இவளுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்ததுதான். நினைத்துப் பார்த்தால் இப்போது வெட்கமாக இருந்தது.

ஈவ்லின் பெஞ்சில் உட்கார்ந்து, மருந்து அட்டையை அடியில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். ஐடா சொல்லச் சொல்ல எழுதுவாள் என்று நினைத்து, இன்று மத்தியானம் டைட்டஸ் வந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.

"அது அப்பறம் அண்ணி" என்றாள் ஈவ்லின், தலை நிமிராமல்.

முத்து முத்தான கையெழுத்து. நிறுத்தவில்லை, அடிக்கவில்லை, யோசிக்கவில்லை. பக்கம் நிறைந்ததும் திருப்பி எழுதினாள். பெண் போலீஸ் முடித்த தாளை வாங்கிப் படித்தாள். பாதியில் நின்று, "மேடம், இதில் தேதி இரண்டாயிரத்துப் பன்னிரண்டு என்று போட்டிருக்கிறீர்களே" என்று கன்னடத்தில் கேட்டாள்.

அது கல்யாணமாகி மூன்றாம் நாள் என்றாள் ஈவ்லின்.

பெண் போலீஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். எலைன் அம்மாவின் தோளில் சாய்ந்து, பேனா போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈவ்லின் மூன்றாவது தாளின் அடிவரைக்கும் வந்து, ஓரத்தில் இருந்த இடத்திலும் எழுதி நிரப்பிவிட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னொரு பேப்பர் குடுங்க. இன்னும் ரெண்டாயிரத்துப் பதினாறுகூட வரல."